பூட்டு திரையில், சாவி தலைக்குள்

வீடியோ கேம் ஆடும் ஒரு பையனிடம் "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டாவது லெவல் என்பான். இல்லையென்றால் புதிதாகக் கிடைத்த வாளைக் காட்டுவான். சேர்த்துவைத்த காசு எவ்வளவு என்று சொல்வான். அவன் அடைந்த முன்னேற்றம் முழுவதும் கணினிக்குள் ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கோப்பைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தால் அவனும் பன்னிரண்டாவது லெவலிலிருந்தே ஆடலாம். கோப்பு அழிந்துவிட்டால் இரண்டு பேருக்கும் அழுகைதான்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத சில விளையாட்டுகள் உண்டு. இருபது மணி நேரம் ஆடிய பிறகும் அவற்றில் நம் பாத்திரத்திடம் முதல் நிமிடத்தில் இருந்ததே இருக்கும். அதே உடை, அதே கருவி, அதே பலம். மாறியிருப்பவர் திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். முதல் நாள் கடக்க முடியாத இடத்தை இன்று அவர் சர்வசாதாரணமாகக் கடக்கிறார் என்றால், இடையில் அவர் எதையோ கண்டுபிடித்திருக்கிறார் என்று அர்த்தம். சேமித்த கோப்பு அழிந்தாலும் குடி முழுகிவிடாது. சற்று நேரத்தில் விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே ஆடி முடித்த நண்பர் ஒருவர் வாய் தவறி ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டாரா, ஆட்டம் போச்சு.

புதிய திறன் கிடைக்கக் கிடைக்கப் பழைய கதவுகள் திறக்கும் விளையாட்டுகளுக்கு 'மெட்ராய்ட்வேனியா' என்று பெயர். அதையே கொஞ்சம் திருகி, திறனுக்குப் பதில் மூளையைப் போட்டு, 'மெட்ராய்ட்பிரெய்னியா' என்று இந்த வகைக்கு ரசிகர்கள் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் புதிது, சரக்கு பழையது.

வில் கிரௌதர் அமெரிக்காவில் பிபிஎன் நிறுவனத்தில் புரோகிராமர். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு உழைத்தவர்களில் ஒருவர். வேலை இல்லாத நாட்களில் குகைகளுக்குள் ஊர்ந்துபோய் வரைபடம் தயாரிப்பது அவருக்கும் மனைவி பாட்ரிசியாவுக்கும் பொழுதுபோக்கு. கென்டக்கி மாநிலத்தில் ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொடரும் மாமத் குகையும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை என்று 1972-ல் கண்டறிந்த குழுவில் பாட்ரிசியா இருந்தார். பிறகு அந்த மணவாழ்க்கை முறிந்தது. பிரிந்திருந்த மகள்கள் ஆடுவதற்காக 1970-களின் நடுவில் கிரௌதர் எழுதியதுதான் 'கொலாசல் கேவ் அட்வெஞ்சர்'. படம் கிடையாது, வெறும் எழுத்து. 1977-ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். அந்தக் குகையின் ஓர் அறையில் எக்ஸ், ஒய், இஸட், இஸட், ஒய் என்று ஐந்து எழுத்துகள் கிறுக்கியிருக்கும். அதை டைப் செய்தால் ஒரே தாவலில் குகைக்கு வெளியே இருக்கும் கட்டடத்துக்குப் போய்விடலாம். கட்டடத்தில் நின்று டைப் செய்தால் குகைக்குள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சொல் ஆட்டம் தொடங்கியதிலிருந்தே வேலை செய்யும் என்பது. குகைச் சுவரை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று புரோகிராம் கேட்பதில்லை. அலிபாபா ஒட்டுக்கேட்ட மந்திரம் மாதிரி, தெரிந்தவன் சொன்னால் திறக்கும்.

1993-ல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் வெளியிட்ட 'மிஸ்ட்' விளையாட்டும் இப்படித்தான். பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு முடிக்க வேண்டிய ஆட்டத்தை, முடிவு தெரிந்தவர் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். அடுத்த வருடம் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மெட்ராய்ட்' வழக்கமான திறன்-கதவு விளையாட்டுதான் என்றாலும், அதில் ஓர் ஆழமான பள்ளம் வரும். விழுந்தால் ஏற வழி தெரியாது. அங்கே மூன்று குட்டிப் பிராணிகள் சுவருக்குச் சுவர் உதைத்துத் தாவி மேலே போகும். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் பொறி தட்டும். நம் பாத்திரத்தாலும் அப்படித் தாவ முடியும். ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்தே முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஓர் எண்ணத்தை மட்டுமே அடித்தளமாக வைத்து ஒரு முழு உலகத்தைக் கட்டியது 'அவுட்டர் வைல்ட்ஸ்'. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவரின் முதுகலை ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 2015-ல், முழுமையடைவதற்கு முன்பே, சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் அதை 2019 மே மாதம் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருது. இந்த வகையில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். ஆனால் விளக்க வேண்டுமானால் இரண்டு மூன்று ரகசியங்களையாவது உடைத்தே ஆக வேண்டும். ஆடிப் பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் இங்கிருந்து கிளம்பி, பீட்டர் வேசன் என்ற உளவியலாளரின் பெயர் கண்ணில் படும் பத்திக்குப் போய்விடுங்கள். முடிவை மட்டும் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

நான்கு கண்களுள்ள ஒரு வேற்றுலகவாசி நாம். சின்னஞ்சிறு சூரியக் குடும்பம். கோள்களெல்லாம் பொம்மை அளவு, சில நூறு மீட்டர்தான். மரத்தாலும் தகரத்தாலும் ஒட்டுப்போட்ட ஒரு விண்கலம். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எந்தக் கோளும் பூட்டப்படவில்லை. சரியாக 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். எல்லாரும் சாவோம். கண் விழித்தால் பழையபடி தீமூட்டத்தின் அருகே, அதே காலையில். அந்த 22 நிமிடம் மீண்டும் மீண்டும் சுழல்கிறது. (நம் சூரியனுக்கு இந்தக் கதி வராது, இப்படி வெடித்துச் சாக அது இன்னும் ஏறக்குறைய எட்டு மடங்கு எடை கொண்டிருக்க வேண்டும்.)

முதலில் இது எரிச்சலாக இருக்கும். சுவாரசியமான ஒரு குகைக்குள் நுழையும்போதுதான் சூரியன் வெடிக்கும். பிறகுதான் புரியும், நம் கையில் கொடுத்திருப்பது ஓர் ஆய்வுக்கூடம் என்று. சோதனைக்கூடத்தில் ஒரு விஞ்ஞானி என்ன கேட்பார்? ஒவ்வொரு தடவையும் தொடக்க நிலை துல்லியமாக ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றை மட்டும் மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்கலாம். வானியலாளருக்கும் புவியியலாளருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களால் கோளை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியாது. இங்கே முடிகிறது. கோள்கள் உண்மையான ஈர்ப்புக் கணக்கில் சுற்றுகின்றன. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவற்றின் வேலை நடக்கிறது. இரட்டைக் கோள் ஒன்று உண்டு. ஒன்றின் மேல் கிடக்கும் மணல், தூணாக எழும்பி மற்றொன்றின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும், பெரிய மணல் கடிகாரம் போல. ஐந்தாவது நிமிடத்தில் தாராளமாக நடக்கிற குகை பதினைந்தாவது நிமிடத்தில் மணலில் மூழ்கிவிடும். மறுபக்கத்தில், முதலில் மணலுக்கடியில் புதைந்திருந்த கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். எந்த வாசலுக்கும் பூட்டு இல்லை. எப்போது போக வேண்டும் என்பதுதான் சாவி.

ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் தலைக்கு மேலே பச்சைக் கோள் ஒன்றின் அருகில் ஏதோ வெடிக்கும். ஒரு சிறு பொருள் சீறிப் பாயும். முதல் சில தடவை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். எல்லாம் அச்சு மாறாமல் திரும்ப நடக்கும் இந்த உலகில், அந்தப் பொருள் பாயும் திசை மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறதே? நல்ல ஆய்வாளருக்கு இது போதும். எல்லாம் நிலையாக இருக்கும்போது ஒன்று மட்டும் மாறினால், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அறிவு எப்படிச் சாவியாகிறது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். முட்கொடிகளும் மூடுபனியுமாக ஒரு பயங்கரமான இடம். உள்ளே ராட்சத மீன்கள், நம் ஆழ்கடல் தூண்டில் மீன்களைப் போல நெற்றியில் விளக்கோடு. கலத்தோடு உள்ளே போனால் ஒரே வாயில் விழுங்கிவிடும். வேகமாகப் போனாலும் விழுங்கும், சுற்றிப் போனாலும் விழுங்கும். வழக்கமான விளையாட்டாக இருந்தால் எங்காவது ஒரு கவசமோ பீரங்கியோ கிடைக்கும் என்று தேடுவோம். இங்கே கிடைப்பது வேறு. முற்றிலும் வேறொரு கோளின் குகையில் அதே மீனின் புதைபடிவம் கிடக்கிறது. எப்போதோ அங்கே வாழ்ந்த நோமாய் இனக் குழந்தைகள் அந்த எலும்புக்கூட்டருகே ஒரு விளையாட்டு ஆடியிருக்கிறார்கள்; விதிகளைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். மீனாக நடிப்பவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போக வேண்டும். நம்மூர்க் கண்ணாமூச்சிதான். படித்து முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனவருக்குப் பாதி வழியில் திடுக்கென்று உறைக்கும்: மீனுக்குக் கண் தெரியாது! முட்காட்டுக்குள் போய் எஞ்சினை அணைத்துவிட்டு, பழைய வேகத்தில் மெல்ல மிதந்துபோனால், மூக்கருகே போனாலும் அது அசையாது. கலம் அதே கலம். அந்த மீன்களும் முதல் நாளிலிருந்தே குருடுதான்.

இன்னொரு ரகசியம் அங்கிருக்கும் ஒரு விசித்திர நிலவைப் பற்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்வரை நகராது, கண்ணை எடுத்தால் வேறொரு கோளைச் சுற்றப் போய்விடும். அதை நெருங்கினால் மேகம் மறைக்கும், மறைத்த கணமே காணாமல் போகும். புகைப்படமும் ஒருவகைப் பார்வைதான் என்று எங்கோ படித்தவர், படத்தைத் திரையில் வைத்தபடியே மேகத்துக்குள் இறங்குவார். குவாண்டம் இயற்பியலை இவ்வளவு பச்சையாக எடுத்துக்கொண்டால் இயற்பியலாளர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே 'பார்த்தல்' என்பது கண்ணால் பார்ப்பதல்ல, அளவிடுதல்; பாறைகளுக்கும் நிலவுகளுக்கும் அது இப்படிப் பொருந்தாது. ஆனாலும் அடிப்படையில் ஓர் உண்மை இல்லாமல் இல்லை. அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் ஒரு குவாண்டம் அமைப்பு மாறாமல் உறைந்து நிற்கும் என்று 1977-ல் கணித வழியில் காட்டியவர்கள் பைத்யநாத் மிஸ்ராவும் ஈ.சி.ஜி. சுதர்சனும். சுதர்சன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1980-களில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அந்த 'குவாண்டம் ஜீனோ விளைவு' 1990-ல் பெரிலியம் அயனிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

நிரல் எழுதியவர்களின் சங்கடம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். கணினியில் பின்ன எண்களின் துல்லியம், வரைபடத்தின் மையத்திலிருந்து விலக விலகக் குறையும். விண்வெளி அளவுக்குப் போனால் பொருள்கள் நடுங்கத் தொடங்கிவிடும். அதற்கு இவர்கள் கண்ட தீர்வு, ஆடுபவரை எப்போதும் மையத்திலேயே நிறுத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் அவரைச் சுற்றி நகர்த்துவது. திரையில் கோப்பர்நிக்கஸ், உள்ளே தாலமி.

இனி பீட்டர் வேசன். 1960-ல் லண்டனில் அவர் ஓர் எளிய சோதனை நடத்தினார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. விதி என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்களே மும்மூன்று எண்களாகச் சொல்லிச் சோதிக்கலாம். பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று மட்டும் பதில் வரும். பெரும்பாலோர் 8, 10, 12 என்றார்கள். பொருந்துகிறது. 20, 22, 24. அதுவும் பொருந்துகிறது. "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று நம்பிக்கையோடு அறிவித்தார்கள். தவறு. விதி, ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 1, 2, 97 என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தன் எண்ணத்தைப் பொய்யாக்கக்கூடிய கேள்வியைக் கேட்க மனம் வருவதில்லை. முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான்.

2016-ல் ஜொனாதன் ப்ளோ வெளியிட்ட 'தி விட்னஸ்' விளையாட்டை வேசன் பார்த்திருந்தால் ரசித்திருப்பார். ஆளில்லாத ஒரு தீவு. 600-க்கும் மேற்பட்ட புதிர்கள். பெரும்பாலானவை ஒரு பலகையில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கோடு இழுப்பவை. விளக்கம் ஒரு வரி கிடையாது. கட்டங்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள் இருக்கும். முதல் பலகை அற்பமாக இருக்கும். எப்படியோ ஒரு கோடு போடுவீர்கள், சரியாகிவிடும். இரண்டாவதும் சரி. "ஓஹோ, இதுதான் விதி" என்று ஒரு முடிவுக்கு வருவீர்கள். அதை வைத்து மூன்றாவது, நான்காவதுகூடத் தாண்டிவிடும். ஐந்தாவதில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அந்தப் பலகை உங்களுடைய அந்தத் தப்பான எண்ணத்தை உடைப்பதற்காகவே வரையப்பட்டது. வேசனின் சோதனையில் எதிர் உதாரணத்தை நாமே தேட வேண்டும். இங்கே ப்ளோ அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். சில வரிசைகளில் தப்பாகப் போட்டால் பலகை அணைந்துவிடும். முந்தைய பலகையை மறுபடி போட்டால்தான் எரியும். குருட்டாம்போக்கில் எல்லாக் கோடுகளையும் இழுத்துப் பார்ப்பவர்களுக்கு இது தொல்லை. முந்தைய பலகையை மறுபடி போடும்போதாவது விதியை இன்னொரு முறை யோசிப்பார்கள் அல்லவா? இது கொஞ்சம் வாத்தியார்த்தனம்தான். எனக்கு அந்த இடங்களில் ப்ளோ மேல் கோபம்தான் வந்தது.

இந்த விளையாட்டுகளில் 'எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்' என்று காட்டும் பட்டை பெரும்பாலும் இல்லை. வைத்திருந்தாலும் பொய்யாகத்தான் இருக்கும். ஜேனட் மெட்காஃப், டேவிட் வீபி இருவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் சொல்கிறது. இரண்டு வகைக் கணக்குகளைக் கொடுத்து, 15 நொடிக்கு ஒருமுறை "விடையை எவ்வளவு நெருங்கியதாகத் தோன்றுகிறது?" என்று கேட்டார்கள். சாதாரண அல்ஜீப்ரா கணக்கில் அந்த உணர்வு படிப்படியாக ஏறியது. பொறி தட்ட வேண்டிய புதிர்களில் ஏறவே இல்லை. கடைசிவரை தரையிலேயே கிடந்து, விடை வந்ததும் ஒரேயடியாக எகிறியது. அதாவது விடைக்குப் பத்து நொடி முன்னால்கூட, நெருங்கிவிட்டோம் என்று நமக்குத் தெரியாது. 2004-ல் மார்க் பீமன், ஜான் கூனியோஸ் குழுவினர் சொற்புதிர்களை விடுவிப்பவர்களின் மூளையைப் பதிவு செய்தபோது, பொறி தட்டுவதற்குச் சுமார் 0.3 நொடி முன்பு வலப்பக்க டெம்போரல் மடலில் உயர் அதிர்வெண் அலை ஒன்று திடீரென எழுவதைக் கண்டார்கள். சில நொடிகளில் முடியும் சொற்புதிரையும், மூன்று நாள் மனதில் ஊறிக் குளிக்கும்போது உறைக்கும் விளையாட்டுப் புதிரையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. ஆனால் முன்னறிவிப்பில்லாமல் வருவது இரண்டுக்கும் பொது.

வடிவமைப்பாளரின் தலைவலி வேறு. இரும்புச் சாவியை எங்கே வைத்தோம் என்று அவருக்குத் தெரியும். அறிவுச் சாவி ஆடுபவரின் தலையில் இருக்கிறதா என்று கணினிக்குத் தெரியாது. தெரியாமலேயே யூகித்துத் திறந்துவிட்டால் என்ன செய்வது?

லூகாஸ் போப் 2018-ல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. ஆண்டு 1807. காணாமல் போன கப்பல் ஒன்று ஆளில்லாமல் இங்கிலாந்துக் கரைக்குத் திரும்பியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரியாக நாம் ஏறுகிறோம். கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். கையில் ஒரு மாயக் கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் அந்த மனிதன் இறந்த கணம் உறைந்த காட்சியாக நிற்கும். சுற்றி நடந்து பார்க்கலாம். பேச்சின் தொனி, தொப்பி, யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், தூங்கும் தொங்குபடுக்கையில் மாட்டியிருக்கும் எண், போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் காலணி, இவைதான் துப்பு. ஒவ்வொரு விடையையும் தனித்தனியாகத் திருத்தினால் எல்லாரும் பெயர்ப் பட்டியலை வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். அதனால் போப், மூன்று பேரின் விதி ஒருசேரச் சரியாக இருந்தால்தான் ஒப்புக்கொள்வது என்று வைத்தார். ஒருவர் யார் என்பதில் ஐந்து பேர்மேல் சந்தேகம் இருந்தால் ஐந்து முயற்சி போதும். மூன்று பேருக்கும் அப்படியென்றால் 125. அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும், யோசிப்பதே சுலபம் என்று தோன்றிவிடும். உறுதியாகத் தெரிந்த இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் மாற்றி மாற்றிப் போடும் கில்லாடிகளும் உண்டு. ஆட்டம் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது.

யூகம் ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012-ல் வந்த 'ஃபெஸ்' சாட்சி. ஃபில் ஃபிஷ் உருவாக்கிய அந்த விளையாட்டுக்குச் சொந்தமாக ஓர் எழுத்து முறையே உண்டு. ஒரு நரி ஒரு நாயைத் தாண்டிக் குதிக்கும் அறையில் அதை உடைப்பதற்கான வழி இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் எல்லாம் வரும் அந்தப் பழைய டைப்ரைட்டிங் வாக்கியத்தை அறிந்தவர் பிடித்துக்கொள்வார். இவ்வளவு நேர்த்தியான ஆட்டத்தில் கடைசியாக ஒரு கறுப்புக் கல் இருந்தது. அதன் முன்னால் எந்தெந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. ரசிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து, சாத்தியமான வரிசைகளை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு அழுத்தித் தீர்த்தார்கள். கல் திறந்தது. ஏன் அந்த வரிசை என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் கிடைக்கவில்லை. விடை கையில் இருக்கிறது, அறிவு இல்லை. திறந்தவர்களுக்கே அது கசந்தது.

எழுத்து முறை என்றதும் 'ட்யூனிக்' நினைவுக்கு வருகிறது. 2022-ல் ஆண்ட்ரூ ஷோல்டிஸ் வெளியிட்டது. ஒரு குட்டி நரி. அது அங்கங்கே கண்டெடுக்கும் தாள்கள் சேர்ந்தால் இதே விளையாட்டுக்கான கையேடு. பழைய நாட்களில் கேம் பெட்டிக்குள் வருமே, அது மாதிரி. ஆனால் பெரும்பகுதி புரியாத லிபியில் இருக்கும். படங்களையும் அம்புக்குறிகளையும் வைத்தே, முதலிலிருந்து நம்மால் செய்ய முடிந்தும் செய்யாமல் விட்ட காரியங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அந்த லிபியையும் உடைக்கலாம், உடைக்காமலும் ஆட்டத்தை முடிக்கலாம். மொழி ஆங்கிலம்தான்; எழுதும் விதம் வேறு. உள்கோடுகள் மெய், வெளிக்கோடுகள் உயிர், இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. கீழே ஒரு சிறு வட்டம் இருந்தால் உயிரை முதலில் படிக்க வேண்டும். ஆங்கிலம் மட்டுமே எழுதிப் பழகியவர்கள் இந்த அமைப்பைக் கண்டுபிடிக்கத் திணறினார்கள். உயிர்மெய் எழுதிப் பழகிய கைக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இந்த வகை விளையாட்டுகளுக்கு ஒரு பெரிய குறை உண்டு, தீர்க்க முடியாதது. ஒருமுறைதான் ஆடலாம். சதுரங்கத்தை ஆயிரம் தடவை ஆடலாம், சீட்டை ஆயுள் முழுக்க ஆடலாம். இங்கே ஒரு ரகசியத்தை ஒருமுறைதான் கண்டுபிடிக்க முடியும். அறுபது மணி நேர ஆட்டத்துக்குப் பழகியவர்கள் காசுக்கு இது கட்டுப்படியாகுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் தப்பிக்கவும் வழி குறைவு. மற்ற விளையாட்டுகளில் கடினமான எதிரியிடம் தோற்றால் இன்னும் கொஞ்சம் பலம் சேர்த்துக்கொண்டு வரலாம். இங்கே எதைச் சேர்ப்பது? யூட்யூபில் தேடினால் விடை கிடைக்கும். தேடியவர் வாங்கிய பொருளைத் தானே குப்பையில் போட்டவர் ஆவார். அவுட்டர் வைல்ட்ஸ் இதற்கு ஒரு கைத்தாங்கல் வைத்திருக்கிறது. கலத்தில் ஒரு குறிப்புப் பலகை. நாம் கண்டவையெல்லாம் அட்டைகளாக அதில் ஒட்டிக்கொள்ளும், ஒன்றுக்கொன்று கோடு போட்டு. ஓர் இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருந்தால் அதையும் சொல்லும். என்ன பாக்கி என்று சொல்லாது. ஓரிடத்தில் முட்டி நின்றால் வேறு கோளுக்குப் போங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

முடித்தவர்கள் புதிதாக ஆடுபவர்களைத் தேடிப் போகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஆடுவதை மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். அவருக்குப் பொறி தட்டப்போகும் தருணத்துக்காக. ஆடுபவருக்கு ஒரு துளி உதவியும் செய்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இந்த ரசிகர்களிடையே ஒரு மரியாதையாகவே இருக்கிறது.

2021 செப்டம்பரில் மோபியஸ் நிறுவனம் அவுட்டர் வைல்ட்ஸுக்கு 'எக்கோஸ் ஆஃப் தி ஐ' என்ற கூடுதல் பகுதியை வெளியிட்டது. அதே சூரியக் குடும்பம், அதே 22 நிமிடம். அதற்குள்ளேயே யார் கண்ணிலும் படாமல் ஓர் இடம் இருப்பதாகக் கதை. அங்கே வாழ்ந்தவர்களின் எழுத்தை நம் மொழிபெயர்ப்புக் கருவியால் படிக்க முடியாது; கண்ணாடிச் சில்லுப் படச்சுருள்கள்தான் உண்டு, அவற்றிலும் பல கருகிப்போனவை. மூலக் கதையைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் அங்கே நுழைந்ததும் ஒன்றும் புரியவில்லை.